இரவல் ஆள்

யெஸ்பர் தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வேனுக்குப் பின்னால் மறைவதை வேலியோரம் நின்ற பிராக்கன்பி ரசிகர் டெரிக் பார்த்துவிட்டார். கடைசிப் பந்தயத்துக்கு இன்னும் சில நிமிடங்கள்தான் இருந்தன.

"பாத்தியா மேவிஸ்? திருட்டுப்பய, மறைவுல என்னமோ நோண்டறான்."

"ஒண்ணுக்குப் போயிருப்பான்," என்றாள் மனைவி, சிப்ஸில் விழுந்திருந்த மண்ணை விரலால் தட்டியபடி.

"பைக்கைத் தள்ளிக்கிட்டா?"

கேப்டன் கேரத்தும் விறுவிறுவென்று அதே வேனுக்குப் பின்னால் போனான். செவிட்டில் நாலு விடத்தான் போகிறான் என்று டெரிக் ஆறுதல்பட்டுக்கொண்டார்.

பிராக்கன்பி அணிச் சட்டையை அந்த டென்மார்க்காரன் யெஸ்பர் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததிலிருந்தே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் ஆள் எலும்பை முறித்துக்கொண்டால் வேறு கிளப்பிலிருந்து ஒருநாள் இரவலுக்கு ஆள் எடுக்கலாமாம். இது ஒரு விதி, இதற்கு ஒரு லீக். அதிலும் கிடைத்தவன் ஸ்டெயின்லி கிளப்காரன். இன்று பிராக்கன்பி ஜெயித்தால் கடைசி நாலு அணிகளுக்குள் போய்விடும், ஸ்டெயின்லி வெளியே. தன் கிளப்புக்குத் தானே குழி தோண்ட எவன் வருவான்?

தோற்றால் பிராக்கன்பிக்கு இன்றோடு சீசன் முடிந்தது. கேரத்துக்கு எல்லாமே முடிந்தது. நாற்பது வயதாகிவிட்டது, இந்த வருடத்தோடு ஓய்வு என்று சொல்லிவிட்டான். கோப்பையைக் கையால் தொட்டதே இல்லை. முதல் நாளிலிருந்து அவனுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர் டெரிக்.

கணக்கு நல்லபடியாகத்தான் இருந்தது. இரண்டு புள்ளி முன்னிலை, கேரத் முதலாவதாக வந்தால் போதும். எதிரணியின் வோய்டெக்கை இந்தத் தடத்தில் ஜெயித்தவனும் அவன் ஒருவன்தான். ஆனால் அவனுடைய ஒரு வண்டி சாயங்காலமே புகைந்து படுத்துவிட்டது. இன்னொன்று போன பந்தயத்தில் இருமிக்கொண்டே வந்தது.

அணிக்கு இரண்டு பேராக நாலு பேரும் கோட்டுக்கு வந்தார்கள். மழைச் சேற்றில் வண்டிகள் எல்லாம் ஒரே செங்கல் நிறமாக இருந்தன. ஹெல்மெட் நிறத்தை வைத்துத்தான் ஆளையே சொல்ல முடிந்தது.

கோட்டின் குறுக்கே கட்டியிருந்த நாடா எழும்பியது. சிவப்பு ஹெல்மெட், கேரத், வில்லிலிருந்து விட்ட அம்புபோலப் பாய்ந்தான். முதல் வளைவில் வோய்டெக் உள்ளே நுழையப் பார்த்தான், கேரத் இடம் கொடுக்கவில்லை. நீல ஹெல்மெட், யெஸ்பர், புறப்பட்ட இடத்திலேயே திக்கித் திணறி நின்று, பிறகு ஊர்வலம் போவதுபோல் பின்னால் வந்தான்.

"ஓட்டுடா நாயே!" டெரிக் வேலியைப் பிடித்து உலுக்கினார். "நான் சொல்லல? சொல்லல?"

"சொன்னே, சொன்னே. கேரத்தைப் பாரு," என்றாள் மேவிஸ்.

நாலு சுற்றும் கேரத்தான். வோய்டெக்குக்குச் சேறுதான் மிச்சம். யெஸ்பர் எல்லோருக்கும் பின்னால் தள்ளாடி வந்து சேர்ந்தபோது பார்வையாளர் மேடை முழுக்க ஊளையிட்டது. அவன் கையை உயர்த்திக் கேரத்துக்குக் கைதட்டினான். அந்த நடிப்பைக் கண்டு டெரிக் வேலியை ஓங்கி உதைத்தார்.

பந்தயம் முடிந்ததும் வழக்கம்போல் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு ரசிகர்களை உள்ளே விட்டார்கள். யெஸ்பர் உடை மாற்றி, சாமான்களை வேனில் ஏற்றிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் போகலையா நீ?" என்றார் டெரிக். "வேலைதான் முடிஞ்சிருச்சே."

"போகணும். கொஞ்ச நேரம் ஆகும்."

"எங்க சட்டையப் போட்டுக்கிட்டு உன் கிளப்புக்கு ஓட்டினியே, கூசல? மனுஷனாடா நீ?" அவன் காலடியில் காறித் துப்பினார். மேவிஸ் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். யெஸ்பர் காலை மட்டும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டான்.

கேரத்தைச் சுற்றி ஒரே கூட்டம். டெரிக் முண்டியடித்து உள்ளே போய் அவனைச் சேற்றோடு கட்டிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"அந்தச் சனியனையும் இழுத்துக்கிட்டு ஜெயிச்சியேடா. போன தடவ இருமின வண்டிய என்னமாப் பறக்க விட்டே! உன் மெக்கானிக்குக்குத் தங்கக் காப்புதான் போடணும்."

கேரத் கையுறையைக் கழற்றினான். டெரிக் பக்கத்தில் நின்ற வண்டியின் பின்சக்கரத்தை ஆசையாகத் தடவினார். சூடு இன்னும் ஆறவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த டயர் தேஞ்சிருச்சு, இனிமே உனக்கு ஆகாது. எனக்குக் குடு, வீட்டுல மாட்டி வெச்சுக்கறேன்."

கேரத் வேன் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"அவன்கிட்ட கேளு. வண்டி அவனோடது."