வீட்டுக்குப் போகும் தேர்வு

“பால் பொங்கப் போகுது சார், அடுப்பைக் குறைங்க” என்றார் பயிற்சியாளர்.

மேனேஜர் குறைத்தார். குமிழைத் தவறான பக்கம் திருப்பியதில் தீ பெரிதாகி, பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவர் அடுப்பை முறைத்தார். வேலையில் இருந்த காலத்திலும் அப்படித்தான், எங்கே தப்பு நடந்தாலும் முதலில் எதிரில் இருப்பவரை முறைத்துவிடுவார். அவர் ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் ‘மேனேஜர்’ என்ற பட்டம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அது நிஜச் சமையலறை இல்லை. பக்கவாதம் வந்தவர்களுக்கான மறுவாழ்வு மையத்தில், ஒரு குட்டி வீடு போலவே அமைத்திருந்த பயிற்சி அறை. அடுப்பு, கட்டில், துணி அலமாரி, பிடித்துக்கொண்டு எழுவதற்குச் சுவரில் கம்பி பதித்த குளியலறை, எல்லாம் உண்டு. இங்கே ஒழுங்காகச் செய்துகாட்டினால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

மேனேஜருக்கு வீட்டுக்குப் போக வேண்டும். வேறு நினைப்பே இல்லை. ஸ்ட்ரோக் வந்த காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிய புருஷனும் பெண்டாட்டியும், ஆஸ்பத்திரி, அங்கிருந்து இந்த மையம் என்று அலைந்து இன்னும் வீடு திரும்பியபாடில்லை. மையத்துச் சாப்பாடு வாயில் வைக்க வழங்கவில்லை. படுக்கை முதுகைப் பதம் பார்த்தது. தன்னுடைய சாய்வு நாற்காலியை நினைத்தால் அவருக்கு அழுகையே வரும்போல் இருந்தது. இந்தத் தேர்வில் ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இன்றும் விட்டால் மானம் போய்விடும்.

சன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவி, வழியும் பாலைப் பார்த்ததும் தன்னையறியாமல் எழப் பார்த்தார். கணவர் கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்துப் பழகிய உடம்பு, சும்மா இருக்க மறுத்தது.

பயிற்சியாளர் கையமர்த்தினார். “நீங்க உட்காருங்கம்மா. ஒவ்வொண்ணுக்கும் நீங்க எழுந்து வந்தா சாருக்கு எப்பவுமே வராது.”

மனைவி உட்கார்ந்துகொண்டார். மேனேஜர் இருக்கும் இடத்தில் அவர் வாய் திறந்ததாகச் சரித்திரமே கிடையாது.

ஒருவழியாக டீ போட்டதும், சர்க்கரை எங்கே என்று மேனேஜர் கேட்டார். டப்பா அவர் மூக்குக்கு நேரே இருந்தது. வீட்டிலும் அவர் எந்தப் பொருளையும் தேடியதில்லை, கேட்டுத்தான் வாங்கியிருக்கிறார். மூடியை வெடுக்கென்று இழுத்துத் திறந்தார். பாதிச் சர்க்கரை டீயிலும் மீதி தரையிலும் விழுந்தது.

டீ ஆறட்டும், அதற்குள் சட்டையைப் பார்த்துவிடலாம் என்றார் பயிற்சியாளர். முன்பக்கம் பொத்தான் வைத்த தொளதொள பயிற்சிச் சட்டையை மேனேஜர் தயங்கித் தயங்கிக் கையில் வாங்கினார்.

“எந்தக் கையை முதல்ல விடணும்?”

மேனேஜர் திருதிருவென்று விழித்தார். பிறகு குத்துமதிப்பாக இடது கையை நுழைத்தார். மற்றக் கை முதுகுப் பக்கம் போய்ச் சிக்கிக்கொண்டது. சட்டை ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகச் சுற்றினார்கள்.

“நேத்தும் சொன்னேனே சார். பாதிச்ச கைதான் முதல்ல. நல்ல கை தானா வழி கண்டுபிடிச்சுக்கும். தினமும் காலையில செய்ய வேண்டிய வேலை இது” என்றபடி பயிற்சியாளர் அவரைச் சட்டையிலிருந்து மீட்டார்.

இந்த வயதில் தனக்கு இதெல்லாம் தலையெழுத்தா என்று மேனேஜர் முணுமுணுத்தார். ஒரு அலுவலகத்தையே கட்டி மேய்த்தவர். வீட்டுக்குப் போய்விட்டால் எல்லாம் தானாக வந்துவிடும், இங்கே எல்லாரும் உற்றுப் பார்ப்பதால்தான் தடுமாறுகிறது என்றார். பயிற்சியாளர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த வாதத்தை அந்த அறை நிறையக் கேட்டிருக்கும்.

இந்த மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. தேர்வை நடத்துவது பயிற்சியாளர், ஆனால் தீர்ப்புச் சொல்வது அவரல்ல. வீட்டுக்குப் போனபின் கூடவே இருந்து காலம் தள்ளப்போகிறவர் சரி என்றால்தான் வாசல் திறக்கும்.

பயிற்சியாளர் டீயைக் கொண்டுபோய் மனைவியின் வாயருகே பிடித்தார். மனைவி ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது. பால் வழிந்த அடுப்பையும், எறும்புக்கு விருந்தாகக் கிடந்த சர்க்கரையையும், கசங்கிக் கிடந்த சட்டையையும் வரிசையாகப் பார்த்தார்.

“என்னம்மா சொல்றீங்க? வீட்டுக்கு அனுப்பிடலாமா?”

மேனேஜர் மனைவியை நம்பிக்கையோடு பார்த்தார். இத்தனை வருடத்தில் தன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவள், இப்போது மட்டும் பேசிவிடுவாளா என்ன.

மனைவி மெல்லத் தலையை இடமும் வலமுமாக அசைத்தார்.

மேனேஜர் மறுபடியும் தோற்றார். மூன்றாவது முறை. அதுவும் கட்டின பெண்டாட்டி கையால். கோபம் வந்தது, கூடவே குரலும் உடைந்தது.

“ஏன் இப்படிப் பண்றே? உனக்கு நம்ம வீட்டுக்குப் போகணும்னு ஆசையே இல்லையா?”

மனைவி, துவண்டு தொங்கிய தன் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் இழுத்திருந்த வாயால் ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்துச் சொன்னார்:

“ஆசை... இருக்குங்க. ஆனா... இப்பவே உங்களோட வீட்டுக்குப் போனா... எனக்கு இன்னொரு ஸ்ட்ரோக் வந்துடும்.”