பதினோராம் பூத்தில் ஒரு ஓட்டு

"கட்சி போர்டைக் கழட்டிடுங்கண்ணே. சாயங்காலம் அவங்க வரும்போது அது தொங்கிட்டு இருந்தா நல்லா இருக்காது."

கார்குழலி ஸ்க்ரூடிரைவரை மேசைமேல் வைத்தாள். பிரான்சுவா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முந்தின நாள் ஓட்டு எண்ணிய இடத்தில் பூத் வாரியாகக் குறித்துக்கொண்டு வந்த தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். அறுபத்து நாலு வயது மனிதர் சிரிக்கிற நேரமா இது?

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பூக்கடை மாடியில் பத்துக்குப் பத்து அறை. புதுவை விடியல் பேரவையின் தலைமை அலுவலகம், கிளை அலுவலகம் எல்லாம் அதுதான். புதுச்சேரிக்கு மாநில அந்தஸ்து கேட்டுப் பதினெட்டு வருடத்துக்கு முன்னால் எட்டுப் பேர் ஆரம்பித்த கட்சி. நடுவில் இரண்டு பேர் செத்து, இரண்டு பேர் சேர்ந்ததால் இன்றைக்கும் எட்டுப் பேர்தான். தேர்தலுக்குத் தேர்தல் சின்னம் மட்டும் மாறும். போன முறை இஸ்திரிப் பெட்டி, இந்த முறை பலாப்பழம். மூன்று முறையும் கார்குழலிதான் வேட்பாளர். இந்த முறை நூற்று நாற்பத்து மூன்று ஓட்டு. லாஸ்பேட்டையில் அவள் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்கே ஒரு நாளில் அதைவிட அதிகம் பேர் வருவார்கள்.

போதும் என்று முடிவு செய்துவிட்டாள். ஐந்து மணிக்குப் பெரிய கட்சியின் தொகுதிச் செயலாளர் வந்து எட்டுப் பேருக்கும் சால்வை போர்த்துவார். அதோடு பேரவை இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அந்த வருத்தத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் காலையிலிருந்து எல்லாரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தாள்.

"எதுக்குண்ணே சிரிக்கிறீங்க?"

"பதினோராம் பூத்துல ஒன்னு வுழுந்திருக்கு தங்கச்சி."

அவளுக்குச் சுர்ரென்று வந்தது. பதினோராம் பூத் என்பது பிரான்சுவா குடியிருக்கும் தெருதான்.

"அது உங்க ஓட்டுண்ணே! வெயில்ல நாயா அலைஞ்சி, வீடு வீடா பலாப்பழப் படத்தை நீட்டி, கடைசியில உங்க ஓட்டு மட்டும் விழுந்திருக்கு. போன ரெண்டு தடவையும் அதே ஒன்னுதான். ஸ்டெல்லாமேரி அண்ணி உசிரோட இருந்தப்பவே நமக்குப் போடல."

அது கட்சியில் பழைய கிண்டல். "நம்ம பிரான்சுவா அண்ணனுக்கு வீட்டுக்குள்ளயே கூட்டணி அமையல" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கார்குழலியே சொல்லிச் சிரிக்கவைப்பாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருப்பார். ஸ்டெல்லாமேரி போய் இரண்டு வருடம் ஆகிறது. சொன்ன பிறகுதான், இப்போது அந்தப் பேச்சை எடுத்திருக்க வேண்டாம் என்று கார்குழலிக்குத் தோன்றியது.

"மன்னிச்சிடுங்கண்ணே, ஏதோ கோவத்துல..."

"அட, அதுக்கென்ன. போர்டு இருக்கட்டும் தங்கச்சி. இன்னும் ஒரு எலெக்ஷன் பாப்பமே."

"யார நம்பிப் பாக்கறது? அந்த நூத்தி நாப்பத்தி மூணும் யாருன்னு நான் பேர் சொல்லுவேன். சொந்தக்காரங்க, கடைக்கு வர்றவங்க, நம்ம எட்டுப் பேரோட வூட்டு ஆளுங்க. நாம சொன்னதக் கேட்டு, சரின்னு பட்டு, அதுக்காகவே போட்டான்னு வெளியாளு ஒருத்தனக் காட்டுங்க. போர்டுல கையே வைக்க மாட்டேன்."

பிரான்சுவா தாளை மறுபடி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"உங்க ஓட்டர் ஐடிய எடுங்க. அவங்க மெம்பர் ஃபாரத்துல நம்பர் எழுதணுமாம். மத்தவங்க எல்லாம் குடுத்துட்டாங்க."

அவர் சிரிப்பு நின்றது. பூத் ஏஜென்டாக உட்காரச் சொன்னால் முகம் இப்படித்தான் ஆகும். 'ஆளுங்களக் கூட்டியார வெளிய ஒருத்தன் வேணாமா' என்று ஒவ்வொரு தடவையும் நழுவிவிடுவார். இப்போது சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து ஃபாரத்தின்மேல் வைத்தார். படம் அவருடையதுதான். எழுத்தெல்லாம் பிரெஞ்சு.

"புதுச்சேரி இந்தியாவோட சேர்ந்தப்ப எனக்கு ரெண்டு வயசு. எங்கப்பா பிரெஞ்சு பிரஜையாவே இருந்துக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டாரு. குடும்பமே அப்பிடி ஆயிடுச்சி. அந்த ஊரக் கண்ணால பாத்ததில்ல நானு. ஆனா அங்க யாரு ஆளணும்னு கேட்டு எனக்குக் காயிதம் வருது. நம்ம தெரு சாக்கடைய யாரு வாரணும்னு சொல்ல எனக்கு ஓட்டு கெடையாது. சொன்னா கட்சிய வுட்டு அனுப்பிடுவீங்கன்னு பயந்து மறைச்சிட்டேன்."

"அப்ப போன ரெண்டு தடவையும் வுழுந்த ஓட்டு..."

"ஸ்டெல்லாவோடது. அவளுக்கு இங்க ஓட்டு இருந்திச்சி."

கார்குழலிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எத்தனை கூட்டம், எத்தனை சிரிப்பு. அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. அவர் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தாள். பதினோராம் பூத்துக்கு நேராக, ஒன்று.

"அப்ப இது யாருண்ணே?"

"தெரியலியே தங்கச்சி." பிரான்சுவா மறுபடி சிரித்தார். "அதனால ஒரு வூடு வுடாம எல்லா வூட்டுக்கும் போய் நன்றி சொல்லணும்."

கார்குழலி ஸ்க்ரூடிரைவரை டிராயருக்குள் போட்டு மூடினாள்.