தூங்காத ஒருவர்

“இயந்திரத்தை முதன்முறையாக இயக்கும் முன், பின்பக்கத் திருகுகளைக் கழற்றவும்...”

டயாலிசிஸ் வார்டில் பெரியவர் கணீரென்று வாசித்துக்கொண்டிருந்தார். கையில் இருந்தது கதைப் புத்தகம் அல்ல. வாஷிங் மெஷினோடு இலவசமாக வந்த விளக்கப் புத்தகம்.

நாலு கட்டில்களில் மூன்றில் குறட்டை. நாலாவதில் தையல்காரர் மட்டும் கண்ணை அகல விரித்து, “அடடே, அப்புறம்?” என்றார்.

மூலையில் உட்கார்ந்திருந்த சர்வே பெண் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. நோயாளிகளுக்கு வாசித்துக் காட்ட ஆள் அனுப்பும் அறக்கட்டளையில் அவளுக்கு வேலை. கேட்கிறவர்களுக்கு இது பிடிக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லியிருந்தார்கள்.

போன தடவை வந்தபோது தையல்காரர் தூங்கினார், இன்று குறட்டை விடும் பக்கத்துக் கட்டில் பஸ் டிரைவர் விழித்திருந்தார். மார்க் போடச் சொன்னால் மட்டும் நாலு பேரும் பத்துக்குப் பத்து!

வராந்தாவுக்குப் போய் மேலதிகாரிக்குப் போன் போட்டாள்.

“வாய் ஒண்ணு சொல்லுது, கண்ணு ஒண்ணு சொல்லுது சார்.”

“கண்ணை நம்பும்மா. டிவி மாட்டிடலாம். பெரியவருக்கு ஒரு பூங்கொத்தைக் குடுத்து அனுப்பிடு.”

பெரியவர் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, தையல்காரரிடம் வந்தாள்.

“ஐயா, உண்மையைச் சொல்லுங்க. அவர் வாசிக்கிறது நல்லாவா இருக்கு?”

“கண்றாவியா இருக்கு.”

“அப்புறம் ஏன் பத்து மார்க்?”

தையல்காரர் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அவர் சம்சாரம் தவறிட்டாங்கம்மா. வீட்ல பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்லை. இங்க வந்து வாசிச்சாத்தான் மனுஷனுக்குப் பொழுதே போகுது. நாங்க எல்லாரும் தூங்கிட்டா மனசு விட்டுப்போய் வராம நின்னுடுவாரே! அதான் ஆளுக்கு ஒரு தடவைன்னு முறை வெச்சு முழிச்சிருக்கோம். இன்னிக்கு என் தலையெழுத்து, திருகாணி.”

“டிவி வெச்சா...?”

“டிவிக்கு என்ன, நாங்க கேட்டாலும் ஓடும், கேக்காட்டியும் ஓடும். இவரு அப்படியா? அவர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்கம்மா.”

அவள் சர்வே தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். டிவி பேச்சுக்கே இனி இடமில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள்.

கிளம்பும்போது பெரியவரை மாடிப்படி அருகே பிடித்தாள்.

“நீங்க தொடர்ந்து வாங்கய்யா. ஆனா கொஞ்சம் சுவாரசியமா, ஒரு துப்பறியும் கதை அந்த மாதிரி எடுத்துட்டு வரலாமே?”

பெரியவர் பதறிப்போனார்.

“ஐயையோ, வேணாம்மா! முழிச்சுப்பாங்க!”

“என்னது?”

“என் வீட்டுக்காரியும் இதே வார்டுலதான் படுத்திருந்தா. முழிச்சிருந்தா நேரம் நகரவே மாட்டேங்குது, தூங்கிட்டா வலி தெரியலைம்பா. அதான் தேடித் தேடி சப்புன்னு இருக்கிறதா வாசிக்கிறேன். மூணு பேர் சமத்தா தூங்கிடறாங்க.”

சட்டென்று அவர் முகம் வாடியது.

“ஆனா என்ன வாசிச்சாலும், ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் மட்டும் தூக்கம் வராம தவிக்கிறாரும்மா. பாவமா இருக்கு. இதைவிட அறுவையா ஏதாவது வேணும். உங்க ஆபீஸ்ல சர்வே ரிப்போர்ட் எழுதுவீங்களாமே, அதுல ஒண்ணு கிடைக்குமா?”