பிடிப்பு விட்டது

புளி வியாபாரி வடிவேலுக்கு அன்று காலையிலிருந்தே வாய் ஓயவில்லை. மூட்டு வீங்கி, கோலூன்றி வேலைக்கு வந்த சடையனைப் பார்த்ததும் சீறினான்.

"மூட்டை தூக்க வந்த மூஞ்சியப் பாரு! இந்தக் காலு இனிமே இன்னாத்துக்குடா ஆவும்? வூட்டுக்குப் போ!"

சடையன் வந்த வழியே கோலூன்றிப் போனான். அவன் தூக்க வேண்டிய மூட்டையை வடிவேலு தானே தூக்கக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது.

"செங்கம் ஆஸ்பத்திரிக்குப் போவ ஜீப்பு சாயங்காலந்தாங்க," என்றான் எடை போடும் சின்னதம்பி. "மேட்டு வூட்டுக்குப் போலாம். அங்க கால் முன்னாடி வந்து பொறந்தவங்க இருக்காங்க. அவங்க மிதிச்சா பிடிப்பு உட்டுடும்."

மேட்டு வீட்டு வாசலில் மங்கம்மாள் நின்றிருந்தாள். வடிவேலு முகம் சுளித்தான்.

"மலைக்காரி காலு என் முதுவுல படணுமா? தலையெழுத்து! துண்டைப் போட்டு மிதி. அந்தக் காலை நான் பாக்கவும் மாட்டேன்."

கண்ணை இறுக மூடிக் குப்புறப் படுத்தான். துண்டின்மேல் ஒரு பாதம் மூன்று முறை இதமாக அழுந்தியது. இடுப்புப் பிடிப்பு விட்டது.

வடிவேலு எழுந்து இளித்தான். "பரவால்லியேம்மா! உன் காலுலயும் இன்னாமோ இருக்குது."

"நான் தலை முன்னாடி வந்து பொறந்தவங்க," என்றாள் மங்கம்மாள். "மிதிச்சது எங்க வூட்டுக்காரரு."

வடிவேலு திரும்பினான். சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தான் சடையன்.

"இதுக்காவது ஆவுதுங்களே மொதலாளி. சாமி குடுத்த காலு," என்றவன், தன் ஊன்றுகோலை நீட்டினான். "எறக்கத்துல பாத்துப் போங்க."