பல்லாவரத்துக்கு அடுத்தது

"சாருக்கு சன்னல் சீட்டு கேரண்டிம்மா. வண்டியே இங்கேர்ந்துதானே கிளம்புது" என்றார் புரோக்கர் ஏகாம்பரம்.

அவள் அந்தக் காலி வீட்டின் சன்னலில் நின்றிருந்தாள். ஒரு வேப்பமரம். அதற்கப்பால் தண்டவாளம். செங்கல்பட்டு ஸ்டேஷன் நடந்து போகிற தூரம்தான்.

காலை வண்டி யாருக்கு வேண்டும்?

"சாயந்திரம் பீச்லேர்ந்து வர்ற வண்டி, இதுக்கு மேல போகாதே?"

ஏகாம்பரம் சிரித்துவிட்டார்.

"இதுக்கு மேல எங்கம்மா போவும்? ஒண்ணு ரெண்டு திருமால்பூர் போவும். மத்ததெல்லாம் இங்கயே காலியாயிடும். தூங்குறவனக்கூட தட்டி எழுப்பி இறக்கி விட்டுடுவாங்க."

அது போதும் அவளுக்கு.

அடுப்படி இருட்டு. குளியலறைக் கதவு சாத்த வரவில்லை. அவள் எதையும் குறை சொல்லவில்லை.

அவள் கணவர் வாசலோடு நின்றுவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ரொம்ப தூரம். குரோம்பேட்டைய விட்டுட்டு இங்க வந்து எவன் இருப்பான்?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குரோம்பேட்டைதான். பாரிமுனையில் ஓர் இரும்புக்கடையில் அவருக்குக் கணக்கு வேலை. மாலை வண்டியில் பேப்பரை நாலாக மடித்துப் படித்துக்கொண்டே வருவார். பல்லாவரம் வந்ததும் எழுந்து கதவுப் பக்கம் போய்விடுவார். அடுத்தது குரோம்பேட்டை. ஒருநாள் தவறியதில்லை. ரயிலில் வாயைப் பிளந்து தூங்குகிறவர்களைக் கண்டாலே அவருக்கு இளக்காரம்.

ஆடி மாதத்தில் ஒருநாள் தாம்பரத்திலிருந்து போன் செய்தார்.

"தூங்கிட்டேன்டி."

அடுத்த தடவை கூடுவாஞ்சேரி.

அப்புறம் இந்தச் செங்கல்பட்டு. டீக்கடைக்காரர் ஒருவர் அவருடைய போனை வாங்கி அவளிடம் பேசினார். அவள் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தபோது, பிளாட்பார பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தூங்கிட்டேன்."

டாக்டர் வேறு பெயர் சொன்னார். நீளமான ஆங்கிலப் பெயர். அதை வீட்டில் யாரும் சொல்வதில்லை. வீட்டில் அதற்குப் பெயர் தூக்கம்.

வேலையை விடுங்கள் என்று சொல்ல அவளால் முடியவில்லை. பெண்ணுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. கணக்கில் அவருக்கு எதுவும் பிசகவில்லை, வழிதான் பிசகுகிறது. அந்த வேலையும் போய்விட்டால் மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்?

பொழுது சாய்ந்தால் போனும் கையுமாக வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பாள். அவர் வந்து படுத்த பிறகும் அவளுக்குக் கண் மூடாது. எவ்வளவு தூரம்தான் போய்விடும் அந்த வண்டி என்று ஒருநாள் ஆத்திரமாக யோசித்தாள்.

அப்படித்தான் இந்த ஊர் நினைவுக்கு வந்தது.

திரும்பும் வண்டியில் கூட்டமில்லை. எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

தாம்பரம் தாண்டியதும், தான் சொல்லாவிட்டால் அவர் இறங்குவாரா பார்ப்போம் என்று அவளுக்கு ஓர் எண்ணம் வந்தது. வந்திருக்கக் கூடாது.

கண்ணை மூடிக்கொண்டாள்.

சானடோரியம். வண்டி நின்றது, கிளம்பியது.

"அடுத்த நிலையம், குரோம்பேட்டை" என்றது ஒலிபெருக்கி. யாரோ கூடையை இழுத்தார்கள். வண்டி நின்றது.

எழுந்திருங்க. எழுந்திருங்களேன்.

அவர் முழங்கால் அவள் முழங்காலைத் தொட்டபடி அசையாமல் இருந்தது.

வண்டி கிளம்பிவிட்டது.

பல்லாவரம்.

அவர் எழுந்தார். பையைத் தோளில் மாட்டினார். அவள் கையைத் தட்டினார்.

"எந்திரி. அடுத்தது நம்ம ஸ்டேஷன்."

குரலில் சந்தேகமே இல்லை. அவள் அவர் பின்னால் கதவுக்குப் போனாள்.

பலகை வந்தது. திரிசூலம். எதிரே விமான நிலையம்.

அவர் பலகையைப் படித்தார். மறுபடியும் படித்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி வந்த பக்கம் எட்டிப் பார்த்தார்.

அடிப்பாவி, இதைப் பார்க்கவா கண்ணை மூடினாய் என்று இருந்தது அவளுக்கு.

அவர் திரும்பினார்.

"குரோம்பேட்டை போயிடுச்சா? நீ பாக்கலையா?"

"தூங்கிட்டேங்க" என்றாள்.

இறங்கினார்கள். எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போகப் படியேறினார்கள். பாதியில் அவர் நின்று அவளையே பார்த்தார். ரயிலில் அவளும் தூங்குகிறவள் இல்லை. அது அவருக்கு மறக்கவில்லை.

"அந்த ஏகாம்பரத்துக்குப் போன் போடு. வீட்ட முடிச்சிடலாம்."

"ரொம்ப தூரம்னீங்க?"

"இருக்கட்டும்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தார்.

"அங்க போயிட்டா நீயாவது நிம்மதியா தூங்கலாம்ல."