ஆறு கால் சிலந்தி

ஓர் எழுத்தாளரின் மேசைக்கு மேலே, சுவரில் ஒரு பல்லியும் சிலந்தியும் நட்பாக வாழ்ந்தன.

"அண்ணே, அவர் என்னைப் பற்றிக் கதை எழுதுகிறாராமே! பார்த்துச் சொல்லுங்களேன்," என்றது சிலந்தி.

பல்லி மேசைக்கு இறங்கித் தாளைப் படித்தது. "உனக்கு ஆறு கால் என்று எழுதியிருக்கிறார்."

"எழுத்தாளருக்கு எண்ணத் தெரியாதா? எட்டு!" என்று சிரித்த சிலந்தி குனிந்து பார்த்தது. ஆறு கால்கள்தான் இருந்தன.

"ஐயோ! திருத்தச் சொல்லுங்கள் அண்ணே!"

"எழுதியதைத் திருத்தும் வழக்கம் அவருக்கு இல்லையே."

"கடைசியிலாவது நான் பிழைக்கிறேனா?"

பல்லி கடைசி வரி வரைக்கும் படித்தது. பிறகு சுவரில் ஏறத் தொடங்கியது.

"என்ன அண்ணே எழுதியிருக்கிறது?"

"எனக்குப் பசியே இல்லை தம்பி," என்று அழுதது பல்லி. ஆனால் அதன் கால்கள் நிற்கவில்லை.