சூடு ஆறாத வேர்க்கடலை

"ஏங்க, அரண்மனை ஆளுங்க நம்ம தெருவுக்குள்ள வந்துட்டாங்க! சட்டி பானையெல்லாம் உருட்டித் தேடுறாங்க. சீக்கிரம் உருக்குங்க!"

பிராகோ கணவன் முன்னால் கையை விரித்தாள். உள்ளங்கையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பித்தளை ஆசனம். பொன் தூள் நிறுக்கும் எடைக்கல்தான். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவில், அசாந்திச் சீமையின் அந்த ஊரில், ஆசன உருவத்தில் வார்த்த கல் தலைவரின் பெட்டியில் மட்டுமே இருக்கலாம். வேறு வீட்டில் அகப்பட்டால் தலை தப்பாது.

"உங்கம்மாவுக்கு இது எப்படிக் கிடைச்சது?" துருத்தியை அழுத்திக்கொண்டே கேட்டான் ஒடுரோ.

"சாகும்போது கையில திணிச்சாங்க. யார்கிட்டயும் காட்டாதேன்னாங்க. திருடினதாத்தான் இருக்கும், வேற என்ன?" பெற்றவளைப் பற்றி இப்படிச் சொல்ல அவளுக்கு அவமானமாக இருந்தது.

"நான் பித்தளை வார்க்கிறவன். என் தலையைத்தான் முதல்ல சீவுவாங்க. குடு இப்படி!"

ஆசனம் உலையில் காய்ந்த மூசைக்குள் விழுந்து உருகியது. நல்லவேளை, நிஜ வேர்க்கடலையைப் புதைத்துச் சுட்ட மண் அச்சு ஒன்று தயாராக இருந்தது. குழம்பை ஊற்றி, அச்சை உடைத்து, பித்தளைக் கடலையை ஓரமாக வைப்பதற்கும் அரண்மனைத் தூதர் நுழைவதற்கும் சரியாக இருந்தது.

தங்கப்பிடி வாளோடு வந்தவர் படுக்கைப் பாயைக்கூட உதறிப் பார்த்தார். கடைசியில் அலுத்துப்போய் உட்கார்ந்தார்.

"இதுதான் கடைசி வீடு. இங்கயும் அந்த ஆசனக் கல்லு இல்ல."

"திருடன் அகப்படலியா ஐயா?" பிராகோ ஒன்றும் அறியாதவள்போலக் கேட்டாள்.

"திருடனை யாரும்மா தேடினது? தலைவர் கண்ணை மூடிட்டார். நாளைக்கு முரசு கொட்டுற வரைக்கும் மூச்சு விடாதீங்க. பிள்ளைங்க நிறைய இருந்து என்ன? பட்டம் தாய்வழிக்குத்தானே! அவரோட ஒரே தங்கச்சி சின்ன வயசுல கோவிச்சுக்கிட்டு ஓடிட்டா, அந்தக் கல்லோட. அது இப்ப அவ வழியில எந்தப் பொண்ணுகிட்ட இருக்கோ, அவ பெத்த பிள்ளைதான் அடுத்த தலைவர்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!" ஒடுரோ பித்தளைக் கடலையைப் பார்த்தான்.

"சொன்னா, உன்னை மாதிரி ஆளுங்க வீட்டுக்கு ஒரு ஆசனம் வார்த்துக் குடுத்துட மாட்டீங்க?"

கொல்லையில் கரி மூட்டையை இறக்கிவிட்டு, "அம்மா, பசிக்குது" என்றான் அவர்களுடைய ஒரே மகன்.

புறப்பட எழுந்த தூதர் பித்தளைக் கடலையை ஆசையாக எடுத்து, சட்டென்று கீழே போட்டார்.

"அடடா, இன்னும் சுடுதே!"